திரும்ப வாங்கிய ஆமென்

யோன்சில் என்கிறவள் அழுது அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. நுல்போ என்ற அந்தக் கடலோர ஊரில் பிள்ளை பெற்றவள் வீட்டுக்குக் கடற்பாசி சூப்பும், சாவு வீட்டுக்குக் காரமான மாட்டிறைச்சி சூப்புமாக, எந்தப் படி ஏறினாலும் அங்கே அவளுடைய பானை முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கும். அழுகிறவர்கள் முதுகைத் தடவிக்கொடுக்கிற கை அவளுடையது. அந்தக் கைக்காகத்தான் சபையில் அவளுக்குக் குவன்சா என்ற பட்டம் கொடுத்தார்கள். விசுவாசத்தில் மூத்த பெண்களுக்குக் கொடுக்கிற பட்டம் அது. அதற்குப் பிறகு ஊரில் சின்னது பெரியது எல்லாம் அவளைக் குவன்சாம்மா என்றே கூப்பிட்டன.

அவள் கடற்கரைக்காரி இல்லை. மலைக்கு உள்ளே, மிளகாயும் எள்ளும் போடுகிற ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த புதிதில் படகைப் பார்த்தாலே குமட்டும். புருஷன் சாங்பே சிப்பி வளர்க்கிறவன். நீளநீளக் கயிறுகளில் சிப்பிகளைக் கோத்துக் கடலில் தொங்கவிட்டு, குளிர்காலம் வந்ததும் இழுத்தெடுப்பான். வருஷப் பிறப்புக்குக் கடல் ராஜாவுக்குச் சாராயம் ஊற்றிக் கும்பிடுவான். சபைப் பக்கம் வருவது கிறிஸ்துமஸுக்கு மட்டும், அதுவும் அரிசி கேக் கொடுக்கிற நேரம் பார்த்து. "உன் ஆண்டவரும் என் கடல் ராஜாவும் சண்டை போட்டுக்காம இருந்தாச் சரி" என்பான். அதற்கு மேல் அந்த வீட்டில் மதச்சண்டை வந்ததில்லை.

யோன்சில் ஜெபம் கற்றுக்கொண்டது சிப்பிக் கொட்டகையில்தான். குளிர்காலம் முழுக்கப் பெண்கள் நீள மேசையைச் சுற்றி நின்று சிப்பி உடைப்பார்கள். இடுப்பில் ரப்பர் துணி, கையில் குட்டைக் கத்தி, எதிரே மலைபோல ஓடு. முதல் பிரசவத்தில் பிள்ளை தங்காமல் போன வருஷம், பக்கத்தில் நின்றவர்கள் கத்தியை வைக்காமலே அவளுக்காக வாய்க்குள் முணுமுணுத்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டே சிப்பி உடைத்தவளுக்கு, கடல் அவ்வளவு அந்நியமாகத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு தானாகவே சபைக்குப் போனாள். பிறகு ஒரு பெண் பிறந்தாள். வளர்ந்து படித்து பூசான் நகரத்தில் நர்சு வேலைக்குப் போனாள்.

சாங்பேவுக்குப் பக்கவாதம் வந்தது கயிறு இழுக்கும்போது. படகிலேயே சரிந்தான். நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது பக்கம் செத்திருந்தது. பேச்சு, சேற்றில் கால் இழுபடுவதுபோல வந்தது. "அப்பாவை ஒரு பராமரிப்பு இல்லத்துல சேர்ப்போம்மா" என்றாள் மகள். "குவன்சா வீட்ல அப்படியா?" என்று கேட்டு அந்தப் பேச்சை அத்தோடு முடித்தாள் யோன்சில்.

அன்றிலிருந்து யாராவது "எப்படி இருக்கீங்க குவன்சாம்மா?" என்றால், "அவர் கிருபையால நல்லா இருக்கோம்" என்பாள். யாராவது "நான் கொஞ்ச நேரம் பாத்துக்கட்டுமா?" என்றால், "உனக்கு ஆயிரம் வேலை இருக்கும், போ" என்பாள். சூப் கொண்டுபோகிற கை அது. வாங்கிப் பழக்கமில்லை. இரண்டாவது குளிர்காலத்தில் அவளுக்குத் தூக்கம் என்பதே அற்றுப்போனது. விடியுமுன் சபை, விடிந்ததும் கொட்டகை, நடுநடுவே ஓடிவந்து அவனைப் புரட்டிப் படுக்க வைத்துத் துடைத்துக் கஞ்சி ஊட்டுவது, மறுபடி கொட்டகை. வெளியே புன்னகை. உள்ளே என்ன இருந்தது என்று அவளே திறந்து பார்க்கவில்லை.

திறந்து பார்க்க ஒரே ஒரு இடம் இருந்தது. அது விடியற்கால ஜெபம்.

அந்தச் சபையில் ஜெபம் எப்படி என்றால், எல்லோரும் சேர்ந்து "ஆண்டவரே!" என்று மூன்று தடவை கூரை அதிரக் கூப்பிடுவார்கள். அப்புறம் ஆளாளுக்கு அவரவர் பாரத்தை அவரவர் வாயால், உரக்க, ஒரே நேரத்தில் கொட்டுவார்கள். ஒருவர் மார்பில் அடித்துக்கொள்வார், ஒருவர் பாயைக் குத்துவார். அத்தனை சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று யாருக்கும் கேட்காது. மழையில் நின்று அழுவது மாதிரி. கடைசியில் போதகர் மேடையில் இருக்கிற சின்ன மணியைத் தட்டுவார். டிங். எல்லோரும் நிறுத்துவார்கள். போதகர் முடிப்பு ஜெபம் சொல்லி "ஆமென்" என்றால், சபையும் "ஆமென்" என்று முடிக்கும்.

வயதான அந்தப் போதகர் மணியை அவசரப்பட்டுத் தொட மாட்டார். ஊர் முழுக்க அழுது ஓய்ந்து, சத்தம் தானாக இறங்கின பிறகுதான் தட்டுவார். யோன்சிலுக்கு அந்தக் கணக்கு அத்துப்படி. முதலில் வழக்கமான அழகான வார்த்தைகள் சொல்வாள். சத்தம் உச்சத்துக்குப் போனதும், அந்தப் போர்வைக்குள் முகத்தை நுழைத்து, நிஜத்தைச் சொல்வாள். சத்தம் இறங்கத் தொடங்கும்போது மறுபடி அழகான வார்த்தைகளுக்குத் திரும்பிவிடுவாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள், போதகர் தன் மகன் கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார். ஆராதனையை நடத்தியது இன்ஹோ. தேகு நகரத்திலிருந்து வந்த உதவிப் போதகன், மீசை அரும்பாத முகம். நகரத்துச் சபைகளில் எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் காத்திருப்பார்கள். அவனுக்குத் தெரிந்த அளவு அதுதான்.

முந்தைய இரவு சாங்பே கஞ்சியைத் துப்பி, நல்ல கையால் கிண்ணத்தையும் வீசியிருந்தான். கஞ்சி சுவரில், போர்வையில், அவள் தலைமுடியில். அதை ஒரு வார்த்தை பேசாமல் துடைத்துவிட்டு, முடியில் காய்ந்த பருக்கையோடு சபைக்கு வந்திருந்தாள்.

"ஆண்டவரே!" மூன்று தடவை. கூரை அதிர்ந்தது. சத்தம் ஏறியது. யோன்சில் பாயில் நெற்றியை வைத்துக் கத்தினாள்.

"அந்த ஆளை எடுத்துக்குங்க! இல்லேன்னா என்னை எடுத்துக்குங்க! ரெண்டுல ஒண்ணு..."

டிங்.

சபை கத்தியால் அறுத்த மாதிரி நின்றது. அவள் மட்டும் நிற்கவில்லை. நெற்றி பாயில் இருந்தது, காதுக்குள் ரத்தம் இரைந்தது.

"...இன்னைக்கே பண்ணுங்க! அவர் மூஞ்சியப் பாக்கவே எனக்குப் பிடிக்கல ஆண்டவரே!"

அந்த வார்த்தைகள் சுவர்களில் முட்டித் திரும்பி அவளிடமே வந்தபோதுதான் தெரிந்தது, ஊரில் வேறு சத்தமே இல்லை என்று. ஹீட்டர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. மேடையில் நின்றது இன்ஹோ. ஏதாவது சொல்ல வேண்டும். வாயில் வந்தது ஒரே வார்த்தை.

"ஆமென்!"

பழகிப்போன சபை. யோசிக்கவில்லை. மொத்தமாக, மனதார, கூரை அதிரச் சொன்னது.

"ஆமென்!"

யோன்சில் எழுந்து செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போனாள்.

சபை மேட்டிலிருந்து வீட்டுக்கு இறக்கத்தில் ஓடும்போது அவள் மண்டைக்குள் அந்த ஆமென் மட்டும்தான் இருந்தது. தனியாகக் கேட்டிருந்தால் ஆண்டவர் ஏதோ பைத்தியக்காரி என்று விட்டிருப்பார். இப்போது ஊரே சேர்ந்து கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டதே. இரண்டு மூன்று பேர் ஒருமனப்பட்டுக் கேட்டாலே கிடைக்கும் என்று அவளே எத்தனை வீடுகளில் சொல்லியிருக்கிறாள்!

கதவைத் திறந்தாள். சாங்பே மல்லாந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது. கண் மூடியிருந்தது. மார்பு அசைந்ததாகத் தெரியவில்லை.

அந்த ஒரு நொடியில் அவளுக்குள் முதலில் வந்தது பயம் இல்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு. அது வந்ததை அவளே பார்த்துவிட்டாள். பார்த்ததும் தவழ்ந்துபோய் அவன் மூக்கின் கீழே விரலை வைத்தாள். சூடான காற்று. தொடர்ந்து, ரம்பம் அறுப்பதுபோல ஒரு குறட்டை.

யோன்சில் அடியில் சூடு ஓடுகிற அந்த வெதுவெதுப்பான தரையில் உட்கார்ந்து, கேவிக்கேவி அழுதாள். சத்தத்தில் சாங்பே விழித்தான். அவளைப் பார்த்தான், அவள் முடியில் ஒட்டிய பருக்கையைப் பார்த்தான்.

"யார்... செத்தா?" என்றான்.

"யாரும் சாகலைங்க. யாரும் சாகல" என்று அவன் செத்த கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுதாள்.

அன்றைக்கு அவள் கொட்டகைக்குப் போகவில்லை. சிப்பிக்கு எல்லோரும் பறக்கிற காலம் அது. வீட்டுக்கு வீடு சிப்பி சேர்த்துக் கிம்ச்சி ஊறுகாய் போடுகிற நாட்கள். காய்ச்சலோடு நின்று உடைத்தவள் அவள். ஆனால் அந்த மேசையில் இனி எந்த முகத்தோடு நிற்பது? பட்டத்தைப் போதகரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். சபைக்கு இனிப் போகாமல் இருந்துவிடலாம். ஜெபத்தை? அதை எங்கே கொண்டு போய்க் கொடுப்பது? இதுவரை நிஜத்தைச் சொல்ல ஒரு போர்வை இருந்தது. அதுவும் கிழிந்தது. இனி ஆண்டவரிடம் பேச அவளிடம் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை என்று தோன்றியது. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பயமாக இருந்தது.

வெயில் ஏறுகிற நேரம் வாசலில் ரப்பர் பூட்ஸ் சத்தம்.

"யோன்சிலு! கதவைத் திறடி. உள்ளதான் இருக்கன்னு தெரியும்."

மல்சுக். கொட்டகை மேசையில் எதிரே நிற்பவள். அந்த ஊரில் இன்னும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஒருத்தி. இடுப்பில் ரப்பர் துணியைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள். அதிலிருந்து கடல்தண்ணீர் சொட்டியது.

"சீசன்ல வேலையை விட்டுட்டா வந்த?" என்றாள் யோன்சில் முகத்தைக் காட்டாமல்.

"வேலை கிடக்கு. நான் என் ஆமெனைத் திரும்ப வாங்கிட்டுப் போக வந்தேன்."

"மெதுவாப் பேசு. அவரு முழிச்சிருக்காரு."

"முழிச்சிருக்கட்டுமே, நல்லதாப் போச்சு. இந்தா, நான் சொன்ன ஆமெனு செல்லாது. வாய் சொல்லிடுச்சு, எனக்குச் சம்பந்தமில்ல. கொட்டகையில எல்லாரும் அதேதான் சொல்றாளுங்க. அந்தப் பையன் ஆமென்னான், நாங்க ஆடு மாதிரிப் பின்னாடியே போயிட்டோம்."

உள்ளிருந்து சாங்பே குரல் இழுத்துக்கொண்டு வந்தது. "என்ன... ஆமெனு?"

"ஒண்ணுமில்லைங்க" என்றாள் யோன்சில்.

"மல்சுக்கு... நீ... சொல்லு."

மல்சுக்குக்கு ரகசியம் வைக்கத் தெரியாது. வைத்ததும் இல்லை. உள்ளே போய் அவன் கால்மாட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றதையும் சேர்த்து. யோன்சில் சமையற்கட்டின் ஓரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதுகு முழுக்கக் காதாக இருந்தது.

உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. விக்கல்போல, இருமல்போல. சாங்பே சிரித்துக்கொண்டிருந்தான். அசைகிற பாதி முகத்தால் மட்டும்.

"சரியாத்தான... கேட்டிருக்கா" என்றான். "நானா இருந்தா... மொத மாசமே... கேட்டிருப்பேன்."

சிரித்துக்கொண்டே இருந்தவனின் கண்ணோரம் நனைந்தது. நல்ல கையை நீட்டி விரலை ஆட்டினான். யோன்சில் அசையவில்லை. அவன் மறுபடி ஆட்டினான். அவள் போய் உட்கார்ந்தாள். அவன் அவள் முடியிலிருந்த பருக்கையைக் கிள்ளி எடுக்கப் பார்த்தான். மூன்றாவது தடவைதான் அகப்பட்டது.

"கிண்ணம்..." என்று ஆரம்பித்தான். வார்த்தை சிக்கிக்கொண்டது. அடுப்புப் பக்கம் கையைக் காட்டினான். நாக்கை நீட்டித் தொட்டுக் காட்டி, முகத்தைச் சுளித்தான்.

மல்சுக் எழுந்துபோய்ப் பானையில் மிச்சமிருந்த கஞ்சியை ஒரு கரண்டி வாயில் விட்டாள். அங்கேயே நின்றாள்.

"அடிப்பாவி. இதுல என்னடி போட்ட?"

"அரிசி. டாக்டர் உப்பு கூடாதுன்னாரு."

"கொறைக்கச் சொன்னாரா, கூடவே கூடாதுன்னாரா?"

யோன்சில் யோசித்தாள். "கொறைக்கத்தான்... ஆனா நான்தான், எதுக்கும் இருக்கட்டும்னு..."

"இந்த மனுஷன் பொறந்ததுலேர்ந்து கடல்ல கெடந்தவரு. ரெண்டு குளிர்காலமா அவருக்கு வெள்ளைத் தண்ணிய ஊத்தியிருக்க. கிண்ணத்தை எறிஞ்சாரா? நானா இருந்தா பானையை எறிஞ்சிருப்பேன்!"

சாங்பே பாயைத் தட்டி ஆமோதித்தான். யோன்சிலுக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. அழுத மூக்கோடு சிரித்தாள்.

சிரிப்பு அடங்கினதும் மல்சுக் குரலை இறக்கினாள். "என் மாமியார் படுத்த படுக்கையா இருந்தாளே, ஞாபகம் இருக்கா? நீதான் தினம் சூப் கொண்டாந்த."

"இருக்கு."

"நீ வந்து என் முதுகைத் தடவிட்டுப் போவ. நான் சபைக்கு வந்து உன் பக்கத்துல உக்காந்துட்டு, கிழவியைச் சீக்கிரம் கூட்டிட்டுப் போன்னு கத்துவேன். தினம். நான் கேட்டப்ப மணி அடிக்கல. அவ்வளவுதான்டி வித்தியாசம்."

யோன்சில் அவளையே பார்த்தாள். "நீயா?"

"நான் மட்டுமா? இன்னைக்குக் கொட்டகையில வந்து கேட்டிருக்கணும் நீ. ஒருத்தி விடாம ஒத்துக்கிட்டாளுங்க. ஒருத்தி புருஷனுக்காம், ஒருத்தி நாத்தனாருக்காம். சிப்பி உடைக்கவே இல்ல, சிரிச்சுக்கிட்டும் அழுதுக்கிட்டும் இருந்தோம். மொதலாளி வந்து திட்டிட்டுப் போனாரு."

வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இன்ஹோ. உள்ளே வந்ததும் தரையில் முழங்காலிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தான். காதெல்லாம் சிவந்திருந்தது.

"மன்னிச்சிருங்க குவன்சாம்மா. மணியைச் சீக்கிரம் அடிச்சிட்டேன். அப்புறம் பழக்கத்துல வாயில அதான் வந்துடுச்சு."

"போதகர் வர்ற வரைக்கும் அந்த மணியைத் தொட்ட, கையை ஒடிச்சிருவேன்" என்றாள் மல்சுக்.

"தொட மாட்டேங்க அத்தை." அவன் யோன்சில் பக்கம் திரும்பினான். "போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்குங்கன்னு கேட்ட தீர்க்கதரிசிகளே வேதத்துல இருக்காங்கம்மா. அவர் கோவிச்சுக்கல. சாப்பாடு குடுத்துத் தூங்க வெச்சாரு." என்ன செய்வது என்று தெரியாமல் கைகளைக் கோத்துக்கொண்டான். "நான்... ஒரு ஜெபம் பண்ணட்டுமா?"

சாங்பே பதறி நல்ல கையைத் தூக்கினான். "வேணாம்! இவன் ஆமெனு... ஆபத்து."

மல்சுக் சுவரில் சாய்ந்து சிரித்தாள். இன்ஹோவும் வெட்கத்தோடு சிரித்தான். பிறகு, தான் பண்ணின வேலைக்கு ஈடாக, வாரத்தில் சில நாள் விடிந்ததும் வந்து ஐயாவைத் தூக்கிக் குளிப்பாட்டிவிடுகிறேன் என்றான். அதற்கு உடம்பில் பலம் இருந்தது அவனுக்கு. வழக்கப்படி, உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று சொல்ல யோன்சில் வாயைத் திறந்தாள். மல்சுக் முறைத்தாள். யோன்சில் வாயை மூடிக்கொண்டாள். மறுபடி திறந்து, "வாங்க தம்பி" என்றாள். இரண்டே வார்த்தைதான். சொல்லி முடித்ததும் தோளிலிருந்து தண்ணீர்க்குடத்தை இறக்கின மாதிரி இருந்தது.

"மகளுக்கு நான் போன் போட்டுச் சொல்லிட்டேன்" என்றாள் மல்சுக். "ஞாயித்துக்கிழமை வர்றாளாம். இப்ப நீ போய்ப் படு."

"அவருக்குக் கஞ்சி..."

"நான் வெப்பேன். உப்புப் போட்டு."

"கொஞ்சமா."

"போடி."

அடுத்த அறையில் போர்வையை இழுத்துப் படுத்தாள். தரைச்சூடு முதுகில் ஏறியது. பழக்கத்தில் கைகள் கூடின. அழகான வார்த்தைகள் எதுவும் வரவில்லை, அவளும் தேடவில்லை. தாழ்ந்த குரலில், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"காலையில சொன்னதை இல்லேன்னு சொல்ல மாட்டேன் ஆண்டவரே. அப்ப அப்படித்தான் இருந்துச்சு. இப்ப அப்படி இல்ல. நாளைக்கு எப்படி இருக்கும்னு தெரியல. எப்படி இருந்தாலும் வந்து சொல்றேன்."

அவ்வளவுதான் ஜெபம். அமைதி என்றால் பெரிய வெளிச்சம் எதுவோ வரும் என்று எண்ணியிருந்தாள் இத்தனை வருஷமும். வந்தது வெளிச்சம் இல்லை. தனக்குள் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை என்கிற ஒரு காலியிடம். அந்த இடத்தில் யாரோ முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் தெரியவில்லை. அடுத்த அறையில் இரண்டு மூன்று குரல்கள். கொட்டகைப் பெண்கள் வேலை முடிந்து வந்திருக்கிறார்கள் போல. கஞ்சி இவ்வளவு கெட்டியாக இருக்கலாமா என்று ஒருத்தி, இருந்தால்தான் புரையேறாது என்று இன்னொருத்தி.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. ஐயாவையே கேப்போம்" என்றாள் மல்சுக். "எப்படி இருக்கு?"

"இன்னும்... ஒரு கிண்ணம்" என்றான் சாங்பே.

எழுந்து போக வேண்டும். அவனைப் புரட்டிப் போடுகிற நேரம் தாண்டியிருக்கும். யோன்சில் முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்தாள். அந்தப் பக்கம் யாரோ, "ஒண்ணு, ரெண்டு, தூக்கு!" என்றார்கள். சாங்பே, "மெதுவா... நான் என்ன சிப்பி மூட்டையா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் முழங்கையை மடக்கினாள். போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி கண்ணை மூடினாள்.